யாருக்கு யார் தண்ணீர் பிடிக்கிறார்கள்

போன மாதம் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள், நல்ல சுறுசுறுப்பு. மழைக்காலத்துக்கு முன்னால் எடுக்கும் வீட்டுப் பட்டியலை இப்போது கைப்பேசியிலேயே ஏற்றுகிறார்களாம். சுவர் என்ன, கூரை என்ன, தரை எவ்வளவு உயரம், ஓடை எவ்வளவு தூரம் என்று நாலு விவரம் தட்டினால் போதும், வீடு தானாகவே சிவப்பாகவோ மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிடும். சிவப்பு என்றால் வெள்ளம் வந்ததும் முதலில் காலி செய்ய வேண்டிய வீடு. பச்சை என்றால் கவலையில்லை.

“மேடம், உங்க பழைய ரிஜிஸ்டர்ல கடைசியில பென்சிலால ஒரு கட்டம் வரைஞ்சிருக்கே, ‘தண்ணீர் பிடித்துக் கொடுப்பவர்’னு? ஆர்டர்ல அப்படி ஒண்ணு இல்லல்லோ. ஆப்பில அதுக்கு இடமும் இல்ல. விட்டுரட்டே?” என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித்தான் சொல்ல வேண்டும். நான் எழுத உட்கார்ந்தால் நீளும் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தது. அப்பாவுக்குப் பழவங்காடியில் பாத்திரக்கடை. நான் அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருவாய்த் துறையில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, பாத்திரக்கடைக்காரர் மகளுக்கு ஃபைல் எதற்கு என்று கேட்டவர்கள் கடைத்தெருவில் உண்டு. பிறகு அவர்களே வருமானச் சான்றிதழுக்கு என் மேஜை முன்னால் வந்து நின்றார்கள். ஒருவரையும் இரண்டாம் முறை நடக்கவிடாமல் கொடுத்தனுப்பினேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டது வேறு விஷயம்.

ஆரம்ப வருடங்களில் பாதி மலையடிவாரத்துக் கிராம ஆபீசில் கழிந்தது. ஒரு மழைக்காலத்தில், போனக்காட்டுத் தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைப் பார்த்து வர என்னை அனுப்பினார்கள். எல்லோரும் நம் தமிழர்கள். ஒழுகும் கூரைகளைப் பார்த்துப் பார்த்து ‘நிராதரவான நிலை’ என்று நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது கீழே சாலையில் மரம் விழுந்து ஜீப் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மூன்று நாள். அவர்களிடம் டின்னில் அரிசி இருந்தது, அடுப்புக்கு மேலே காய்ந்த விறகு இருந்தது, மழைக்கு எந்த அறை தாங்கும் என்ற கணிப்பு இருந்தது. என்னிடம் ஒரு குடையும் ஒரு படிவமும் இருந்தன. உதவப் போன நான் மூன்று நாளும் அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு இறங்கி வந்தேன். இதில் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருந்தது. அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை.

மண்டையில் ஏறியதெல்லாம் சிதம்பரம் சார் சொல்லிக்கொடுத்ததுதான்.

நகரத்துக்கு மாற்றலாகி வந்தபோது அவர் எனக்குத் தாசில்தார். அவரும் நாஞ்சில் நாட்டுக்காரர்தான். ஆனால் ஆபீசுக்குள் ஒரு சொல் தமிழ் பேசமாட்டார். தமிழில் பேசினால் சொந்த ஊர்க்காரிக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு வருமாம். ஆபீஸ் வாசலைத் தாண்டினால் போதும், “ராஜம், சாப்பிட்டியா?” என்று கேட்பார். குரலை உயர்த்தி யாரையும் திட்டியது கிடையாது. நாம் எழுதியதில் பிழை இருந்தால் அந்த வரிக்கு அருகில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு நான் இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

எங்கள் தாலுகாவில் வீட்டுப் பட்டியலை ஒழுங்காக எடுக்க வைத்தவர் அவர்தான். மழைக்கு இரண்டு மாதம் முன்பே கிளம்பிவிடுவோம். கையில் அங்குலக் கோடு போட்ட ஒரு மூங்கில் கம்பு. குடிசையாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். பழைய வெள்ளம் சுவரில் எதுவரை ஏறியது என்று கேட்டு, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு கம்பால் அளப்பார். சுவர் மண்ணா செங்கல்லா, கூரை ஓலையா ஓடா கான்கிரீட்டா, தரை ரோட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்று வரிசையாகச் சொல்ல நான் எழுதுவேன். அதை வைத்து நாங்களே ரிஜிஸ்டரில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் தீட்டுவோம். எழுதி முடிக்கும்வரை சாயா குடிக்கமாட்டார். முடித்த பிறகு வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

அவருக்கு ஒரே விதி. “கண்ணு பாத்தத எழுது. காது கேட்டத எழுதாண்டாம்.” கேட்டதை எழுத ஆரம்பித்தால் சிபாரிசு வரும், அழுகை வரும், அரசியல் வரும், கடைசியில் ஓட்டுச்சாவடிப் பட்டியல்தான் கையில் மிஞ்சும் என்பார். அதில் உண்மை இருந்தது. அவர் காலத்தில் எங்கள் பட்டியலைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை.

வாழ்நாளெல்லாம் தண்ணீர் ஏறும் இடங்களை அளந்த மனிதர், ஓய்வு பெற்றபின் தண்ணீர் ஏறும் இடத்திலேயே வீடு கட்டினார். மனைவி பகவதியக்காவுக்கு அவர் அப்பா கொடுத்த நிலம் அது. ஓடைக்கரையில் ஒரு காலனி, அதன் விளிம்பில் இவர் வீடு. காலனியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கள் வீட்டுக்கு வாடகைக்குக்கூட ஆள் வராது என்று அங்கிருப்பவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சார் பழைய வெள்ளக் குறியை அளந்து, அதற்கும் ஒரு அடி மேலே தரை எழுப்பி, இரண்டு மாடி கான்கிரீட்டில் கட்டினார். சுற்றிலும் மதில், முன்னால் இரும்பு கேட், தனிக் கிணறு, மோட்டார்.

சில வருடம் கழித்துத் துணைத் தாசில்தாராகப் பட்டியலெடுக்க நானே அந்த வீட்டுக்குப் போனேன். சார் மூங்கில் கம்பைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். என்னை அளக்கச் சொல்லி, நான் சொல்லும் எண் சரியா என்று பார்த்துக்கொண்டே வந்தார். மாடிக்குப் போனால், பகவதியக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஒரு இயந்திரம் உர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரல் சுருங்குகிற வியாதி. அறைக்காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மின்சார இயந்திரமாம் அது.

நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

“என்ன முழிக்க? எந்தக் கட்டத்துல எழுதப்போற?” என்றார் சார்.

“குறிப்புல எழுதலாமே சார்.”

“குறிப்பு சுவருக்கும் கூரைக்கும் உள்ளது. நோயாளிக் கணக்கு ஆரோக்கியத் துறைப் பட்டியல்ல உண்டு. அது அவங்க பாடு.” பிறகு கொஞ்சம் சிரித்தார். “நான் பட்டியல் போட்டவனாக்கும் ராஜம். பட்டியல்ல ஏறுகவன் இல்ல.”

“எழுதட்டுமே. எழுதினா என்ன, தேஞ்சா போயிருவிய?” என்றார் பகவதியக்கா, இரண்டு மூச்சுக்கு நடுவில்.

சார் கம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் எழுதவில்லை. இரண்டு மாடி, கான்கிரீட், பச்சை. அக்கா தட்டு நிறைய முந்திரிக்கொத்து வைத்திருந்தார். அதைத் தின்றுவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதவியில் நான் ஏறியிருந்தேனே தவிர, அவர் வைக்கும் புள்ளிக்கு இன்னும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருட ஐப்பசி மழை கொஞ்சம் பேயாகத்தான் பெய்தது. விடியற்காலை ஓடை கரை புரண்டதும், ஆபத்து வேண்டாம் என்று மின்வாரியத்தார் அந்தப் பகுதி டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டார்கள். சரியான காரியம்தான். என் பொறுப்பில் தீயணைப்புத் துறையின் ஒரு ரப்பர் படகு, ஒரு மினி லாரி, ஒரு ஆம்புலன்ஸ். ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து கிளம்பும்போது மனசு கேட்காமல் சாருக்குப் போன் செய்தேன்.

“பச்சைக்கு எதுக்குப் போன் பண்ணுக? நாங்க மாடியில இருக்கோம். நீ சிவப்பப் பாரு. லைன வெறுதே பிடிச்சு வச்சிருக்காண்டாம்” என்று வைத்துவிட்டார்.

சார் சொல்லிவிட்டார், அப்புறமென்ன. நான் சிவப்பைப் பார்க்கப் போனேன்.

காலனிச் சந்துகளில் இடுப்பளவு தண்ணீர். கூரைமேல் ஏறி நின்று கூப்பிடுவார்கள், பிள்ளைகள் அழும், போக மறுத்துச் சிலர் சண்டை போடுவார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். சத்தமே இல்லை. வீடுகள் வெளியிலிருந்து சாத்திக் கயிறு கட்டியிருந்தன. கேஸ் சிலிண்டர்களை மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். படகிலிருந்த தீயணைப்புக்காரர், “இவிடெ ஆளில்லல்லோ மேடம்” என்றார்.

எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வராந்தாவில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசைக்கு முன்னால் ஒரு பெண், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு தூணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். செல்லத்தாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஒரு ஹோட்டலில் மாவாட்டும் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளை நான் பட்டியலெடுக்கும்போது பார்த்திருக்கிறேன். ஒற்றைச் செங்கல் சுவர், தகரக் கூரை, ஓடையிலிருந்து பத்தடி. சிவப்பிலும் சிவப்பு.

“காலனிக்குள்ள உள்ள எல்லாரும் ஏறியாச்சு மேடம். விடியதுக்கு முன்னேயே குழாய் வரிசையில ஏத்திட்டோம்” என்றாள்.

குழாய் வரிசை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் காலனிக்கு ஒரே ஒரு பொதுக்குழாய். காலையில் இரண்டு மணிநேரம்தான் தண்ணீர் வரும். பல வருடம் குடத்தால் அடித்துக்கொண்ட பிறகு, இந்த வீட்டுக்குப் பின் இந்த வீடு என்று ஒரு வரிசை உறுதிப்பட்டிருந்தது. குடம் தூக்க முடியாதவர்களுக்கு வரிசையில் முதலிடம். அவர்களுக்காகப் பிடித்துக் கொடுக்கும் வீடு எது என்பதும் முடிவாகியிருந்தது. கால் வராத கிழவருக்கு எதிர்வீட்டுக்காரி, பிரசவித்த பெண்ணுக்கு அடுத்த வாரம்வரை செல்லத்தாய் என்று இப்படி. வெள்ளம் ஏறியதும் அதே வரிசையில் ஆட்களைக் கிளப்பியிருக்கிறார்கள். யாருக்கு யார் தண்ணீர் பிடிப்பாரோ, அவரே தூக்கிக்கொண்டும் வந்துவிட்டார்.

இதைக் கேட்டு நான் அசந்துபோனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் செய்ததென்ன? ரிஜிஸ்டரை விரித்து, ரேஷன் கார்டு எண்களைக் கேட்டு, பெயரைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். பட்டியல் ரேஷன் கார்டை வைத்து எடுத்தது. வரிசையில் பாதிப் பேருக்குக் கார்டு தமிழ்நாட்டில் இருந்தது. கட்டட வேலைக்கு வந்து பின்னறைகளில் வாடகைக்கு இருந்த பிள்ளைகள் ஒருவர்கூட என் பட்டியலில் இல்லை. எண்ணிக்கை பொருந்தவே இல்லை. திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

செல்லத்தாய் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை. “மேடம், நீங்க ஆளு எண்ணுதியளா, கார்டு எண்ணுதியளா? என் கணக்குல ரெண்டு ஆளு குறையுது. அதக் கேளுங்க மொதல்ல.”

“எந்த வீடு?”

“மாடி வீட்டு அக்காவும் அந்த சாரும். அங்க தண்ணி இழுப்பு கூடுதல், படகில்லாம தூக்க முடியாது.”

எனக்குச் சிரிப்புகூட வந்தது. “அது நல்ல வீடும்மா. மாடியில இருக்காங்க. நான் போன் பண்ணிக் கேட்டாச்சு.”

“வீடு நல்ல வீடுதான். ஆருக்கு வேணும் வீடு?” என்று அவள் குரல் உயர்ந்தது. “கரண்டு எப்பம் போச்சுன்னு தெரியுமா? வெள்ளம் சந்துக்குள்ள வருததுக்கு முன்னேயே போச்சு. அந்த அக்காவுக்க மூச்சு கரண்டுலல்லா ஓடுது!”

மூக்கில் குழாயோடு அக்காவைப் பார்த்தவள் நான். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டவள் நான். காலையில் போனில் சார் பேசும்போது பின்னால் அந்தச் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

படகுக்கு ஓடினோம். தீயணைப்புக்காரர் நல்ல மனிதர், ஆனால் ஒழுங்குக்காரர். பச்சை வீட்டுக்குப் படகைத் திருப்புவதென்றால் கன்ட்ரோல் ரூமில் கேட்க வேண்டாமா என்றார். “என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், நான் பதில் சொல்கிறேன்” என்றேன். அந்தப் படகு காலியாக இருந்ததே, அதுதான் பெரிய விஷயம். காலனிக்காரர்கள் தாங்களாகவே கரையேறியிருக்காவிட்டால், அந்த நேரத்தில் அது சந்துக்குள் ஆறாவது நடையோ ஏழாவது நடையோ போய்க்கொண்டிருந்திருக்கும்.

கூப்பிடாமலேயே செல்லத்தாய் படகில் ஏறினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கயிறும் கொண்டுவந்திருந்தாள். “கேட் பக்கம் போவாண்டாம். வெள்ளம் அங்க முட்டி நிக்கும், திறக்க ஒக்காது. பின்னால மதில் தாழ்ந்த இடம் ஒண்ணு உண்டு, அங்க விடுங்க” என்றாள். அங்கே மதில் இரண்டு வரி கல் குறைவாக இருந்தது. அதன்மேல் படகு சுலபமாக ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி அளந்தவள் நான், அந்த இடம் என் கண்ணில் பட்டதே இல்லை.

மாடியில் பகவதியக்கா மேஜைமேல் தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை இரண்டும் காதுவரை எழும்பி இறங்கியது. சார் அருகில் நின்று பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கரண்டு போகும்போதைக்கென்று வைத்திருந்த சின்னச் சிலிண்டர் தரையில் காலியாகக் கிடந்தது. நான் காலையில் போன் செய்தபோது அதில் காற்று இருந்திருக்கிறது. தீர்வதற்குள் கரண்டு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பிறகு அட்டையைக் கீழே வைக்கப் பயந்து, அடித்த போனை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் கன்ட்ரோல் ரூமுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், பச்சை வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு லைனை அடைக்கக்கூடாது என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர்தான்.

என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது இதுதான்: “சிவப்பு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். அவங்களே முடிச்சிட்டாங்க.”

அவர் முகத்தில் அதற்கு மேல் எந்தக் கேள்வியும் இல்லை. விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. செல்லத்தாய் அதற்குள் அக்காவின் முதுகைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்துக் கட்ட ஆரம்பித்திருந்தாள். அக்காவுக்குப் பேச முடியவில்லை. செல்லத்தாயின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. நாற்காலியோடு தூக்கி, படியிறக்கி, மதில்வழியாகப் படகில் வைத்தோம்.

படகில்தான் சார், “நீ யாரும்மா? உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

செல்லத்தாய் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். மூன்று கோடைக்கு முன்னால் மோட்டார் பழுதாகி, கிணறு கலங்கி, சார் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், அக்கா பின்மதிலில் நின்று ஒரு குடம் தண்ணீர் கேட்டாராம். அன்றிலிருந்து தினமும் இரண்டு குடம் மதில்வழியாகப் போகிறது. அதற்காகத்தான் அந்த இடத்தில் கல் எடுத்தது. குழாய்க் கணக்கில் அக்கா பத்தொன்பதாவது வீடு. பதிலுக்கு அக்கா, மலையாளம் படிக்கத் தெரியாத இந்தப் பெண்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் பள்ளிக்கூடக் கடிதமும் படித்துச் சொல்வார், மனு எழுதிக் கொடுப்பார். “சாருக்குத் தெரியண்டாம், வெசனப்படுவாவ, நம்ம கிணறு மோசமான்னு கேப்பாவன்னு அக்கா சொல்லும்” என்றாள்.

மூன்று வருடமாகத் தன் கிணற்றுத் தண்ணீர் காப்பி என்று பெருமையாகச் சொல்லிக் குடித்துக்கொண்டிருந்த மனிதர், வெள்ளத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் ஏறியதும் அக்காவின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்களைத் தவிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த வாரம் ரிஜிஸ்டரில் கடைசியாக ஒரு கட்டம் வரைந்தேன். எந்த ஆர்டரிலும் இல்லாத கட்டம், ஆகவே பென்சிலில். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: நீங்கள் படுத்துவிட்டால் உங்களுக்கு யார் தண்ணீர் பிடித்துக் கொடுப்பார்? காலனிகளில் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும். இரும்பு கேட் போட்ட பெரிய வீடுகளில்தான் யோசிப்பார்கள். சிலர் கோபப்பட்டார்கள். ஒரு டாக்டர் வீட்டம்மா, “எங்க வீட்ல பைப் கனெக்‌ஷன் இருக்கே” என்றார். அந்த வீட்டுக்கு எதிரே நான் வெறும் கோடு போட்டுவைத்தேன். கோடு விழுந்த வீடுகளை மழைநாளில் முதலில் கூப்பிட்டு விசாரிப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையை ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னபோது, ‘மீள்திறன்’, ‘பாதிப்புக்குள்ளாகும் தன்மை’ என்று திரையில் பெரிய பெரிய சொற்களாகக் காட்டிக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், “அப்படியென்றால் அந்தக் காலனிக்கு நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அவர்களே சமாளிப்பார்கள்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். சமாளித்தார்கள், உண்மைதான். ஆனால் செல்லத்தாயின் கிரைண்டர் போயிற்று, பாய் போயிற்று, பின்சுவர் சரிந்தது. ஒரு மாதம் அவள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். தாங்கத் தெரிந்தவர்களை இன்னும் கொஞ்சம் தாங்கிக்கொள் என்று விட்டுவிடுவது அயோக்கியத்தனம். சுவர் பலவீனமான இடத்தில் சுவரைக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டில் ஒன்று இருக்கும், மற்றது இருக்காது. நிறம் ஒன்றே ஒன்று தீட்டினால் இது தெரியாது. அவ்வளவுதான் நான் முப்பது வருடத்தில் தெரிந்துகொண்டது. ஆப்பில் இடமில்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தை விடாதே என்பதுதான் போனில் கேட்டவளுக்கு என் பதில்.

இனி, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது.

அக்காவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் சாரும் நானும் செல்லத்தாயும் உட்கார்ந்திருந்தோம். மூவரின் உடையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. சாரின் காலில் செருப்பு இல்லை. என்னால் அடக்க முடியவில்லை. “சார், அன்றைக்கு நான் குறிப்பிலாவது எழுதியிருக்கணும்” என்றேன்.

“எழுதாண்டாம்னு சொன்னது நான். எழுதியிருக்க வேண்டியது நீ” என்றார் சார். அதில் கோபம் இல்லை, என்னைத் தேற்றும் எண்ணமும் இல்லை. சரியாக இருந்தது.

மதியத்துக்கு மேல் அக்காவைப் பெண்கள் வார்டுக்கு மாற்றலாம் என்றார்கள். வார்டு வாசலில் நர்ஸ் ஒரு பெண், சின்ன வயசு, மலையாளி. நோயாளிக்குத் துணையிருக்கும் ஆளின் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இங்கே துணையிருப்பவரை ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். பெண்கள் வார்டில் பெண்தான் பைஸ்டாண்டராக இருக்க முடியும். “மோள் உண்டோ? மருமகள்?” என்று கேட்டாள். மகள் கிடையாது. மகன் வெளிநாட்டில், மருமகளும் அங்கேதான். சார் என்னைப் பார்த்தார். எனக்குக் கன்ட்ரோல் ரூமிலிருந்து மூன்றாவது போன் வந்துகொண்டிருந்தது.

“நான் நிக்கேன்” என்று செல்லத்தாய் எழுந்தாள்.

“உன் வீடு தண்ணிக்குள்ள கிடக்கே” என்றேன்.

“கிடக்கட்டும். நான் போனா வத்தவா போவுது?”

நர்ஸ் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டாள். சார் செல்லத்தாயிடம் திரும்பி, “உன் பேரு என்னம்மா?” என்றார். ஒரு மதிலுக்கு மறுபுறம் இத்தனை வருடமாக இருந்தவளின் பெயரை அப்போதுதான் கேட்டார். அவள் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். வயது கேட்டு எழுதினாள். பிறகு, “ரோகியுடெ ஆராணு? பந்தம் எந்தா எழுதணும்?” என்றாள். நோயாளிக்கு இவள் என்ன உறவு என்பது கேள்வி.

செல்லத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீடு என்று சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன். அதற்குள் சார் எழுந்து நின்றார். சர்வீஸ் காலமெல்லாம் ஆபீசுக்குள் ஒரு சொல் தமிழ் பேசாத மனிதர், அந்த மலையாளிப் பெண்ணிடம் தமிழிலேயே பேசினார்.

“இவ இல்லேன்னா இன்னைக்கு என் பெண்டாட்டி இல்ல. அதுக்கு உன் படிவத்துல என்ன பேரு உண்டோ, அத எழுதிக்கோ மோளே.”

நர்ஸ் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குனிந்து எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வார்டின் கதவைத் திறந்து செல்லத்தாயை உள்ளே விட்டாள்.